கடல் ஸ்லாட்டில் ஸ்பின்னைத் தொடும் முன் பே டேபிளைத் திறந்து பாருங்கள்

நீலத் திரை, கீழிருந்து மேலே ஏறும் குமிழிகள், ஐந்து ரீல்களில் (படங்கள் சுழலும் நெடுவரிசைகள்) டால்ஃபின், கடல்குதிரை, திருக்கை, சிங்கி இறால். பட்டனைத் தட்டினால் படங்கள் சுழன்று நிற்கும் ஆன்லைன் ஸ்லாட் ஆட்டங்களில் எனக்குப் பிடித்தவை இந்தக் கடல் வகைதான். ஆடுவது டெமோவில், இலவசக் காயினில் மட்டும். இங்கே எழுதுவதும் அப்படி ஆடுகிறவர்களுக்காகத்தான். பணம் வைத்து ஆடுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். அனுமதி இருக்கிற நாடுகளிலும் வயது வரம்பு உண்டு. அதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

ஆட்டம் திறந்ததும் கை நேராக ஸ்பின் பட்டனுக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுங்கள். திரையின் ஓரத்தில் தகவல் குறியோ மூன்று கோடுகளோ இருக்கும். அதைத் தொட்டால் பே டேபிள் வரும். எந்தப் படம் எத்தனை வந்தால் எவ்வளவு கிடைக்கும் என்ற பட்டியல் அது. படமெல்லாம் அலங்காரம், ஆட்டத்தின் உண்மையான உருவம் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

நோவோமேட்டிக் நிறுவனத்தின் டால்ஃபின்ஸ் பேர்ல் டீலக்ஸையே எடுத்துக்கொள்வோம். 5 ரீல், 3 வரிசை, 10 பே லைன். பே லைன் என்பது ரீல்களின் குறுக்கே போகும் ஒரு கற்பனைக் கோடு. ஒரே படம் அந்தக் கோட்டில் இடது ஓர ரீலிலிருந்து இடைவெளி இல்லாமல் வந்தால்தான் காசு. நடுவில் மூன்று திருக்கை அழகாக வரிசை கட்டி நின்றாலும், முதல் ரீலில் திருக்கை இல்லையென்றால் ஒன்றும் கிடையாது. புதிதாக ஆடுகிறவர்கள் “மூணு வந்துச்சே, ஏன் தரல?” என்று கேட்பது இதனால்தான்.

டால்ஃபின்தான் வைல்ட். விட்டுப்போன படத்தின் இடத்தில் அது நின்று கோட்டை முடித்துக் கொடுக்கும், அந்த வெற்றியை இரட்டிப்பாகவும் ஆக்கும். முத்துச் சிப்பி ஸ்கேட்டர். அதற்குக் கோடு தேவையில்லை, எங்கே விழுந்தாலும் கணக்கு. மூன்று சிப்பி வந்தால் 15 ஃப்ரீ ஸ்பின், அதில் கிடைப்பதெல்லாம் மூன்று மடங்கு. சிப்பியின் இடத்தை மட்டும் டால்ஃபினால் நிரப்ப முடியாது. ஏ, கே, க்யூ, ஜே எழுத்துகள் சில்லறை. அடிக்கடி வரும், கொஞ்சமாகத் தரும்.

சரி, இப்போது பந்தயம். கோட்டுக்கு 1 காயின் வைத்துப் பத்துக் கோட்டையும் ஆடினால் ஒரு ஸ்பின்னுக்கு 10 காயின் போகிறது. இந்த மொத்தத் தொகையை மனதில் வைத்துக்கொண்டே ஆடுங்கள். ஏனென்றால் இனிமேல் நடப்பதைக் கவனியுங்கள்: ஸ்பின் தட்டுகிறீர்கள், ஒரு கோட்டில் மூன்று எழுத்து சேர்கிறது, கோடு மின்னுகிறது, மணி அடிக்கிறது, 5 காயின் வந்ததாக எண் ஓடுகிறது. வைத்தது 10, வந்தது 5. கையை விட்டுப் போனது 5 காயின், ஆனால் காதுக்குக் கேட்டது வெற்றி ஒலி. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை வெற்றி வேடம் போட்ட தோல்வி என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அதில் தோற்கும்போதும் உடல் கிட்டத்தட்ட ஜெயித்தது போலவே துடிக்கிறதாம். பிரிட்டனில் 2021 அக்டோபர் முதல், வைத்ததைவிடக் குறைவாகத் திரும்பி வரும்போது ஆன்லைன் ஸ்லாட் இப்படிக் கொண்டாடக் கூடாது என்றே விதி வந்துவிட்டது. மற்ற இடங்களில் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒலியை அணைத்துவிட்டு, மூலையில் இருக்கும் இருப்புத் தொகையை மட்டும் பார்த்துச் சில நிமிடம் ஆடுங்கள். ஆட்டம் வேறு மாதிரித் தெரியும்.

பே டேபிளின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், ஆர்டிபி என்று ஒரு சதவீதம் இருக்கும். வைக்கிற மொத்தப் பந்தயத்தில் நீண்ட காலத்தில் ஆட்டக்காரர்களுக்குத் திரும்பி வரும் பங்கு அது. 96 என்றால் நூற்றுக்கு 4 ஆட்டம் நடத்துகிறவருக்கு. நாலுதானே என்று தோன்றும். மூன்று விநாடிக்கு ஒரு ஸ்பின் என்றால் மணிக்கு 1,200 ஸ்பின். பத்துக் காயின் வீதம் 12,000 காயின் சுழல்கிறது, அதில் சராசரியாக 480 போகும். ஆறு விநாடிக்கு ஒரு ஸ்பின் ஆடினால் போவது 240. அதனால் டர்போ (வேகமாகச் சுழற்றுவது), ஆட்டோ ஸ்பின் (தானாகவே சுழற்றுவது) இரண்டையும் அணைத்துவிடுங்கள் என்பேன். மெதுவாக ஆடினால் அதே காயினில் இரண்டு மடங்கு நேரம் கடலைப் பார்க்கலாம். ஒரே ஆட்டத்துக்கே தளத்துக்குத் தளம் இந்தச் சதவீதம் மாறுவதுண்டு. அதனால் ஒவ்வொரு தளத்திலும் ஒருமுறை பாருங்கள்.

என் தங்கை பக்கத்தில் உட்கார்ந்தால், “ரொம்ப நேரமா சிப்பி வரலக்கா, இப்ப வரும் பாரு” என்பாள். முதல் இரண்டு ரீலில் சிப்பி விழுந்து, மூன்றாவது ரீல் வேகம் குறைந்து, இசை ஏறும்போது மூச்சையே பிடித்துக்கொள்வாள். உண்மையில் ஸ்பின்னைத் தட்டிய கணத்திலேயே ரேண்டம் எண் உருவாக்கி என்ற நிரல் முடிவைத் தீர்மானித்துவிட்டது. அதற்குப் பிறகு ரீல் சுற்றுவது அந்த முடிவை நமக்குக் காட்டுவதற்கு மட்டும். முந்தைய ஸ்பின்னில் என்ன வந்தது என்ற நினைவு அதற்குக் கிடையாது. நூறு முறை சிப்பி வராவிட்டாலும் நூற்றியோராவது முறையின் வாய்ப்பு அதேதான். ரீலைப் பாதியில் தட்டி நிறுத்துவது, பந்தயத்தை ஏற்றி இறக்குவது, நேரம் பார்த்து ஆடுவது என்று யாராவது சூட்சுமம் சொன்னால் நம்பாதீர்கள். காசு கேட்டால் ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது வேலட்டிலிட்டி, அதாவது ஏற்ற இறக்கம். சில ஆட்டங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி தரும். சில வெகுநேரம் எதுவும் தராமல் திடீரென்று ஒன்றைக் கொட்டும். புஷ் கேமிங்கின் ரேசர் ஷார்க் இரண்டாவது ரகம். அதில் கடற்பாசி மூடிய கட்டங்கள் வரும். ஒவ்வொரு ஸ்பின்னுக்கும் ஒரு படி கீழே நகர்ந்து, பின்னால் இருக்கும் படத்தைத் திறந்து காட்டும். பாசி நகர்வதைப் பார்ப்பதே ஒரு சுகம் என்பேன். ஆனால் இருப்பு சீக்கிரம் கரையும். அதனால் இந்த ரக ஆட்டத்துக்குக் குறைந்த பந்தயம் வைத்தால்தான் ஃப்ரீ ஸ்பின் வரும்வரை தாக்குப்பிடிக்க வாய்ப்பு உண்டு.

செயலியாக இறக்கி ஆடுகிறீர்களா? இலவசக் காயின் தீர்ந்ததும் கடை விரியும், பொற்காசுப் பெட்டியைக் காட்டி உண்மைப் பணம் கேட்கும். அந்தக் காயினைத் திரும்பப் பணமாக்க முடியாது. ஆட்டத்தைத் தொடங்குவதற்கு முன்பே போனின் அமைப்பில் போய், செயலிக்குள் வாங்கும் வசதிக்குக் கடவுச்சொல் போட்டுவிடுங்கள். வீட்டில் பிள்ளைகள் போனை எடுப்பார்கள் என்றால் இது கட்டாயம்.

அப்புறம் அந்த காம்பிள் பட்டன். டால்ஃபின்ஸ் பேர்லில் ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் அது மின்னும். கவிழ்ந்த சீட்டு சிவப்பா கறுப்பா என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் இரட்டிப்பு, தவறினால் அந்த வெற்றி முழுவதும் போச்சு. தொடர்ந்து நாலு முறை சரியாக வர வாய்ப்பு 16-இல் ஒன்று. அரிதாக வந்த ஃப்ரீ ஸ்பின்னின் பலனை அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள். பக்கத்திலேயே வெற்றியை எடுத்துக்கொள்ள கலெக்ட் என்று இன்னொரு பட்டன் இருக்கும். அதைத் தட்டிவிட்டு அடுத்த ஸ்பின்னுக்குப் போங்கள்.