பிரான்சின் பழைய ரயில் தடத்தில் முதல் சரளைப் பாதைப் பயணம்: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

பிரான்சின் கிராமப்புறத்தில் கார், லாரித் தொல்லை இல்லாமல் சரளைப் பாதையில் சைக்கிள் ஓட்ட ஆசைப்படுபவர்களில் பெரும்பாலோர் முதலில் சைக்கிளைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். பாதையைப் பற்றி விசாரித்துவிட்டால் மற்றவை பெரும்பாலும் தாமே அமைந்துவிடும் என்பது என் கருத்து. ஆகவே இங்கே ஒரே ஒரு பாதையை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு தொடக்கநிலையாளர் எப்படிப் பயணம் செய்யலாம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். அது தெற்கு பிரான்சில், மஸாமே என்ற சிற்றூரிலிருந்து பெதாரியூ வரை, ஓ-லாங்டாக் மண்டல இயற்கைப் பூங்காவின் ஊடாகச் செல்லும் ‘பஸ்ஸா பைஸ்’ பாதை. நீளம் சுமார் 80 கிலோமீட்டர்.

படி 1: பாதையின் தன்மையைப் புரிந்துகொள்ளுங்கள்

பிரான்சில் ‘வுவா வேர்த்’, அதாவது பசுமைப் பாதை என்பது அலங்காரப் பெயர் அன்று. 2004ஆம் ஆண்டு போக்குவரத்துச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட ஒரு வகைப்பாடு. மோட்டார் வாகனங்களுக்கு அதில் இடமில்லை. நடப்பவர்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள், குதிரையில் வருபவர்கள் ஆகியோருக்கே உரியது. பஸ்ஸா பைஸ் அப்படிப்பட்ட பாதை. தண்டவாளத்தை எடுத்துவிட்டு, நொறுக்கிய கல்தூளையும் பொடிச் சரளையையும் பரப்பி உருளையால் அழுத்திய பழைய ரயில் தடம் அது.

ரயில் தடம் என்பதில் தொடக்கநிலையாளருக்குப் பெரிய ஆதாயம் இருக்கிறது. நீராவி இயந்திரத்தால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால், அந்தக் காலப் பொறியாளர்கள் மலையைக் குடைந்தும் பள்ளத்தாக்கின் மேல் பாலம் கட்டியும் ஏற்றத்தைக் குறைத்தார்கள்; நூறு மீட்டர் தூரத்துக்கு மூன்று மீட்டருக்கு மேல் உயர்வது அரிது. வளைவுகளும் அகலமானவை. எதிரே வருபவர் வெகு தொலைவிலேயே தெரிவார்.

தெற்கு பிரான்ஸ் என்றதும் பலருக்கு ‘மிதி’ (Canal du Midi) கால்வாய்தான் நினைவுக்கு வரும். 1681இல் கட்டி முடிக்கப்பட்டு, 1996இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அந்தக் கால்வாயின் கரை அழகானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் துலூஸ் நகரிலிருந்து முதல் 50 கிலோமீட்டர் தார்ப்பாதையாக இருந்து, அதன்பின் பல இடங்களில் மரவேர்கள் புடைத்த ஒற்றையடித் தடமாகிவிடுகிறது. அதை இரண்டாவது பயணத்துக்கு ஒத்திவைப்பது நல்லது.

படி 2: திசையையும் பருவத்தையும் முடிவு செய்யுங்கள்

மேற்கிலிருந்து கிழக்காக, மஸாமேயில் தொடங்கிப் பெதாரியூவில் முடிக்கும்படி திட்டமிடுங்கள். ஏறத்தாழ முதல் மூன்றில் ஒரு பங்கு தூரம் தொரே ஆற்றின் போக்குக்கு எதிராக மெல்ல ஏறுகிறது. அதன் உச்சியில் லா ஃபெனீய் சுரங்கம் வருகிறது. சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் பெய்யும் மழை கரோன் ஆற்றின் வழியாக அட்லாண்டிக் கடலுக்கும், அந்தப் பக்கம் பெய்வது ஜோர், ஒர்ப் ஆறுகளின் வழியாக மத்தியதரைக் கடலுக்கும் போகிறது. கால் சோர்வதற்கு முன்பே ஏற்றம் முடிந்துவிடுவதால் பிறகு நெடுந்தொலைவு இறக்கத்தை அனுபவிக்கலாம். ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: தாரஸாக் அருகே ஜோர் ஆறு ஒர்ப் ஆற்றில் கலந்த பின் பாதை ஒர்ப் ஆற்றின் போக்குக்கு எதிராகத் திரும்புவதால், கடைசிப் பகுதி மறுபடியும் லேசான ஏற்றம்.

காற்றும் கணக்கில் சேர வேண்டும். வடமேற்கிலிருந்து அடிக்கும் ‘திராமொந்தான்’ காற்று உங்களை முதுகில் தள்ளிவிடும். தென்கிழக்கிலிருந்து வரும் ‘ஒத்தான்’ காற்று முகத்தில் அறையும். ஒத்தான் பலமாக வீசும் என்று வானிலை அறிக்கை சொன்னால் ஒரு நாள் தள்ளிப்போடுவதில் வெட்கமில்லை.

மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் ஏற்றவை. ஜூலை, ஆகஸ்டில் கிழக்குப் பகுதியின் வெயில் நம் ஊர்க் கோடைக்குச் சளைத்ததன்று. அக்டோபரில், பாதையில் வரும் ஒலார்க் ஊர்ப் பக்கம் செஸ்ட்நட் காய்கள் முள்ளோட்டுடன் பாதை முழுவதும் கொட்டிக் கிடக்கும். பார்க்க அழகு, ஆனால் மழை பெய்த மறுநாள் அங்கே உதிர்ந்த ஈர இலைக்குவியலின் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும்.

படி 3: சைக்கிளையும் டயரையும் தயார் செய்யுங்கள்

சரளைப் பாதைக்கென்றே அமைந்த கிராவல் சைக்கிள் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அகலமான டயர் பொருத்தக்கூடிய எந்தச் சைக்கிளும் போதும். கவனிக்க வேண்டியது டயரின் அகலத்தையும் காற்றழுத்தத்தையும்தான். 38 முதல் 42 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர் இந்தத் தரைக்குப் பொருந்தும். தார்ச்சாலையில் ஓட்டியவர்கள் வழக்கம்போல் கல்போல இறுக்கமாகக் காற்றடித்துவிடுவார்கள். அப்படி அடித்த சக்கரம் ஒவ்வொரு சிறு கல்லின் மேலும் துள்ளும், உள்ளங்கை மரத்துப்போகும், வளைவில் பிடிமானமும் இருக்காது. 40 மில்லிமீட்டர் டயரும் சுமார் 70 கிலோ எடையும் உள்ள ஒருவர் முன்சக்கரத்தில் 2.2 பார் (காற்றழுத்த அலகு), பின்சக்கரத்தில் 2.5 பார் என்று தொடங்கி, அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துச் சற்றுக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். பின்னால் சுமை கட்டியிருந்தால் பின்சக்கரத்தில் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

இந்த டயர்களில் பெரும்பாலும் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருக்கும். அதன் நுனியிலுள்ள குட்டித் திருகைத் தளர்த்தி, ‘புஸ்’ என்று சத்தம் வரும்படி விரலால் ஒருமுறை அழுத்திவிட்ட பிறகே பம்பை மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் காற்று உள்ளே போகாது. ஒரு மாற்று டியூப், டயரைக் கழற்ற இரண்டு நெம்புகோல்கள், சிறு பம்ப், சங்கிலி இணைப்பு ஒன்று, ஒரு துணித்துண்டு ஆகியவை கையில் இருக்கட்டும். பஞ்சருக்குக் காரணம் பெரும்பாலும் சரளைக்கல் அன்று. பாதையோர வேலிச் செடிகளை இயந்திரத்தால் வெட்டும்போது சிதறும் முட்கள்தான் டயரைக் குத்துகின்றன.

படி 4: ரயிலை ஏற்பாடு செய்யுங்கள்

துலூஸ் மத்தபியோ நிலையத்திலிருந்து மஸாமேக்கு வட்டார ரயில் இருக்கிறது. பெதாரியூவிலிருந்து பெஸியே நகருக்கு ரயில் பிடிக்கலாம். இரு முனையிலும் நிலையம் இருப்பதால் திரும்பி ஓட்டி வரவேண்டிய அவசியமில்லை. பெதாரியூ பக்கம் நாளொன்றுக்குச் சில வண்டிகளே ஓடுவதால், கடைசி ரயிலை வைத்துப் பயணத்தைப் பின்னோக்கித் திட்டமிடுங்கள். கால அட்டவணையில் சில நேரங்களுக்கு எதிரே பேருந்துக் குறி இருக்கும். அது ரயிலுக்குப் பதிலாக ஓடும் பேருந்து. அதில் சைக்கிளை ஏற்ற மறுக்கக்கூடும் என்பதால் அந்த வரிசையை விட்டுவிடுங்கள். ரயில் பெட்டியில் சைக்கிள் தொங்கவிடும் கொக்கிகள் சிலவே இருக்கும். பைகளைக் கழற்றி வைத்துக்கொண்டு நடைமேடையில் தயாராக நின்றால் ஏற்றுவது எளிது.

படி 5: சரளையில் ஓட்டும் முறை

பாதையில் இரண்டு மெல்லிய தடங்கள் அழுந்தித் தெரியும். நடுவில் புல்லோ உதிரிச் சரளையோ இருக்கும். தடத்தின் மேலேயே ஓட்டுங்கள். எதிரே ஆள் வரும்போது தடம் மாற வேண்டியிருந்தால், நடுத்திட்டைச் சாய்வாக உரசிக்கொண்டு போகாமல், சற்று நேராக வெட்டிக் கடந்துவிடுங்கள்.

உதிரிச் சரளை குவிந்த இடத்தில் முன்சக்கரம் பாம்புபோல் நெளியும். அப்போது கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பதுதான் எல்லோருக்கும் வரும் முதல் உந்துதல், அதைச் செய்யாதீர்கள். முழங்கையைத் தளர்த்தி, உடலைச் சற்றுப் பின்னால் தள்ளி, கனமான கியரில் மெதுவாக மிதித்துக்கொண்டே இருங்கள். மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் புதையும். பார்வை முன்சக்கரத்தின் அடியில் இல்லாமல் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி இருக்கட்டும். பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் நுழைந்தபின் முன்பிரேக்கை அழுத்துவதுதான் தொடக்கநிலையாளர்கள் விழுவதற்கு முதன்மையான காரணம்.

சாலையைக் குறுக்கே கடக்கும் இடங்களில் கார் நுழையாதபடி இரும்புத் தடுப்புகளை வைத்திருப்பார்கள். பக்கவாட்டில் பை கட்டிய சைக்கிளின் அகலத்தை நாம் எப்போதும் குறைவாகவே மதிப்பிடுகிறோம் என்பதால், அங்கே இறங்கித் தள்ளிச் செல்வது உத்தமம். அந்த இடங்களில் சாலை வாகனங்களுக்கே முன்னுரிமை. பழைய ரயில்வே கேட் காவலர் வீடுகள் பல இன்றும் அந்தச் சந்திப்புகளில் நிற்கின்றன. வீடு தெரிந்தால் சாலை வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

லா ஃபெனீய் சுரங்கம் ஏறத்தாழ முக்கால் கிலோமீட்டர் நீளம். உச்சி வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் சில விநாடிகள் கண் தெரியாது. கோடையிலும் குளிர் உறைக்கும். வாயிலுக்கு முன்பே நின்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, முன்விளக்கையும் பின்விளக்கையும் எரியவிட்டு, மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு நுழையுங்கள். மறுபுறம் கூர்னியூ பக்கம் வெளியே வந்தபின் நாடே மாறிவிட்டதைப்போல் இருக்கும்: ஈரப் பச்சைக் காடு பின்தங்கி, சற்றுத் தொலைவில் ஓக் மரங்களும் திராட்சைத் தோட்டங்களும் வரத் தொடங்கும்.

படி 6: தண்ணீர், உணவு, தங்கல்

சரளையில் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று கணக்கிட்டால் ஏமாற மாட்டீர்கள். முதல் பயணத்தை இரண்டு நாளாகப் பிரித்து, பாதிக்குச் சற்று முன்னால் உள்ள சேன்-போன்ஸிலோ பாதியைத் தாண்டியுள்ள ஒலார்க்கிலோ இரவு தங்குங்கள். என் தேர்வு ஒலார்க். பழைய கோட்டையின் எச்சம் இன்று ஊரின் மணிக்கூண்டாக நிற்கிறது. கீழே ஜோர் ஆற்றின் மேல் கூனல் முதுகுடன் இடைக்காலக் கல்பாலம் ஒன்று இருக்கிறது. ‘அக்கேய் வேலோ’ என்ற அடையாளம் உள்ள விடுதிகள் சைக்கிள் பாதையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பவை. சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் தருபவை.

பிரெஞ்சுக் கிராமத்தில் பகல் 12 மணிக்குக் கடை மூடினால் மூடியதுதான். மதிய உணவை உணவகத்தில் 12 முதல் 1.30க்குள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தவறினால் மாலை வரை பட்டினி. காலையிலேயே ரொட்டிக்கடையில் ஒரு பகேத் ரொட்டியும் சீஸும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பிற்பகலும் திங்களும் பல கடைகள் திறப்பதில்லை. தண்ணீர் தீர்ந்துவிட்டால் ஊரின் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள்: வாயிலருகே பூச்செடிகளுக்காக ஒரு குழாய் இருக்கும். குடிக்க உகந்ததன்று என்ற அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காதில் இயர்போன் மாட்டி ஓட்டக்கூடாது. 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம். ஊர் எல்லைக்கு வெளியே இரவிலும் மங்கலான வெளிச்சத்திலும் ஒளிரும் மேற்சட்டை கட்டாயம். அவசரத்துக்கு 112.

படி 7: தடத்தை விட்டு விலகிப் பார்க்க விரும்பினால்

இரண்டாம் நாள் நம்பிக்கை வந்தபின், பாதையிலிருந்து பக்கவாட்டில் பிரியும் பண்ணை வழிகளில் சிறிது சுற்றி வரலாம். அதற்கு பிரெஞ்சுத் தேசிய நில அளவை நிறுவனமான ஐஜிஎன்னின் 1:25,000 வரைபடம் வேண்டும். அதில் நான்கு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். தொடர்கோடு வண்டி போகும் மண்வழியையும், விட்டுவிட்டு வரும் கோடு ஒற்றையடிப் பாதையையும் குறிக்கும். முதலாவதை மட்டும் தேர்ந்தெடுங்கள். உயரக்கோடுகள் நெருங்கியிருந்தால் சைக்கிளைத் தள்ளித்தான் ஏற வேண்டியிருக்கும். மரத்தில் வெள்ளை, சிவப்புப் பட்டை தீட்டியிருந்தால் அது நெடுந்தூர நடைவழி. பெரும்பாலும் பாறைப்படிகள் இருக்கும். முக்கோணமும் அதனருகே இரண்டு வட்டங்களும் இருந்தால் அது மலைச் சைக்கிள் வழி; பச்சையும் நீலமும் எளியவை, சிவப்பும் கறுப்பும் உங்களுக்கு வேண்டாம். மாட்டு மேய்ச்சல் நிலத்தின் படலைத் திறந்து போனால் மறுபடியும் கட்டிவிட்டுச் செல்லுங்கள்.

செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை வேட்டைக் காலம். காட்டுவழியின் ஓரத்தில் ‘ஷாஸ் ஆன் கூர்’ என்று எழுதிய பலகை நின்றால் வேட்டை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அங்கிருந்தே திரும்பி ரயில் தடத்துக்கு வந்துவிடுங்கள்.