சலிப்பில் பேப்பர் போட்டு வேலையை விடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஒரே எக்ஸெல் ஷீட்டை இரண்டு வருடமாக நிரப்புகிறவருக்கு ஒருநாள் வெறுத்துப்போவது இயல்பு. அதே மாலை பேப்பர் போட்டுவிட்டு எழுந்து வருவதில்தான் கைக்காசு போகிறது.

இதில் மோசமானது, சொல்லாமல் நின்றுவிடுவது. கம்பெனிப் பதிவில் ‘அப்ஸ்காண்டிங்’ (சொல்லாமல் ஓடிவிட்டவர்) என்று விழும், முறையாக விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டர் வராது. அந்த வேலையையே ரெஸ்யூமில் மறைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் பி.எஃப். பாஸ்புக்கை மறந்துவிடுகிறார்கள். எந்த நிறுவனம், எந்த மாதம் வரை பணம் கட்டியது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

மெயில் அனுப்பும் முன் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படியுங்கள். நோட்டீஸ், அதாவது விலகுவதாகச் சொன்ன பிறகும் வேலை செய்ய வேண்டிய காலம், 30 நாளா, 60 நாளா, 90 நாளா? குறைகிற நாளுக்குப் பிடித்தம் பேசிக்கிலா (அடிப்படைச் சம்பளம்), கிராஸிலா (படிகளும் சேர்ந்த மொத்தச் சம்பளம்)? பலர் பார்க்காமல் விடுவது இந்த இரண்டாவது கேள்வியைத்தான். கிராஸ் 45,000, பேசிக் 20,000 வாங்குகிறவர் 90 நாள் நோட்டீஸில் 30 நாள் மட்டும் இருந்துவிட்டுக் கிளம்பினால், பேசிக் கணக்கில் 40,000 போகும். கிராஸ் கணக்கில் 90,000. கடைசி மாதச் சம்பளத்தையும் பெரும்பாலும் நிறுத்திவைத்து செட்டில்மென்ட்டோடுதான் தருவார்கள். பிடித்தம் அதிகமானால் நீங்கள்தான் கட்ட வேண்டி வரும். நேரில் மேனேஜரிடம் சொன்னது கணக்கில் வராது. கடைசி வேலை நாளைத் தேதியோடு எழுதி மெயில் அனுப்பி, ஏற்றுக்கொண்டதாகப் பதில் மெயில் வாங்குங்கள்.

அடுத்தது பி.எஃப்.பை உடைப்பது. கம்பெனி முழு பேசிக்குக்கும் கட்டினால், பேசிக் 20,000க்கு உங்கள் பங்கு 2,400. கம்பெனி பங்கும் 2,400தான், ஆனால் நீங்கள் பி.எஃப். பென்ஷன் திட்டத்தில் இருந்தால் அதில் 1,250 பென்ஷனுக்குப் போய்விடும். மிச்சத்தோடு சேர்த்து மாதம் 3,550, இரண்டு வருடத்தில் வட்டி இல்லாமலே 85,200. ஐந்து வருட சர்வீஸ் முடியும் முன் எடுத்தால் வரி உண்டு. 50,000 தாண்டினால் 10 சதவீத டி.டி.எஸ்.ஸும் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள். புது கம்பெனிக்கு மாற்றினால் பழைய சர்வீஸும் சேர்ந்து எண்ணப்படும். வெளியேறிய தேதியைக் கம்பெனி பதியாமல் விட்டால் டிரான்ஸ்பர் நின்றுபோகும். கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழித்து யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். அடையாள எண்) தளத்தில் நீங்களே பதியலாம். ஆதாரில் இணைத்த மொபைல் எண் கம்பெனி சிம்மாக இருந்தால் இப்போதே மாற்றுங்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.

நான்கரை வருடம் ஆனவர் இன்னும் கொஞ்சம் பொறுப்பது நல்லது. நீண்ட நாள் வேலை செய்ததற்குக் கம்பெனி தரும் கிராஜுவிட்டிக்கு, நிரந்தர ஊழியர் என்றால் பொதுவாக ஐந்து வருடம் வேண்டும். சட்டப்படி சம்பளமாகக் கணக்கிடும் தொகையை (குறைந்தது கடைசி பேசிக்கும், டி.ஏ. எனும் அகவிலைப்படியும்) 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, வருடத்தால் பெருக்கினால் கிடைப்பது அது. 20,000க்கு ஐந்து வருடத்தில் சுமார் 57,690.

கையிருப்பு ஆறு மாதச் செலவுக்கு இருக்கிறதா என்று பார்ப்பவர்கள்கூட அறை வாடகை, மெஸ், இ.எம்.ஐ. மூன்றை மட்டும் கூட்டுகிறார்கள். வீட்டுக்கு மாதாமாதம் அனுப்புவதும் செலவுதான். கம்பெனி மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடியும், அதில் சேர்த்திருந்த அம்மா அப்பாவுக்கும் சேர்த்தே. தனியாக எடுக்கும் பாலிசியில் விபத்து தவிர மற்ற சிகிச்சைக்கு முதல் 30 நாள் கிளெய்ம் கிடைக்காது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு இன்னும் நீளம். அதனால் நோட்டீஸ் ஓடும்போதே எடுத்துவிடுங்கள். சம்பளம் நின்ற சில மாதத்தில் ஜீரோ பேலன்ஸ் சம்பளக் கணக்கும் சாதாரண சேமிப்புக் கணக்காகிவிடும், மினிமம் பேலன்ஸ் இல்லையென்றால் சில வங்கிகளில் அபராதம்.

லாகின் முடங்கும் முன் பே ஸ்லிப், முந்தைய வருட ஃபார்ம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று), ஆஃபர் லெட்டர் மூன்றையும் இறக்கி வையுங்கள். கிளையன்ட் ஃபைல் ஒன்றைக்கூடச் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள், அது தனி வழக்காகலாம். லேப்டாப்பைக் கூரியரில் திருப்புவதானால், சீரியல் நம்பர் தெரியும்படி போட்டோ எடுத்துவிட்டுப் பெட்டியை ஒட்டுங்கள்.