பட்டர் கேக்கின் அடியில் பிசுபிசுப்பு: நான் சரிசெய்த விதம்

சித்திரை வெக்கையில் யாழ்ப்பாணத்தில் பட்டர் கேக் அடித்தால் அடியில் எண்ணெய்ப் பிசுபிசுப்பாக ஒரு படை நிற்கும், மேலேயும் பொங்காது. பேக்கிங் பவுடரைக் கூட்டுவது இதற்கு மருந்தல்ல, கைப்புத்தான் மிஞ்சும். கோளாறு பட்டரின் சூட்டில். 20 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும் பட்டர்தான் சீனியோடு அடிபடும்போது காற்றைப் பிடித்து வைக்கும். மத்தியானக் குசினியோ 30 பாகையைத் தாண்டிவிடும்.

அளவுகளை மாற்றவில்லை: பட்டர், சீனி, கோதுமை மா தலா 250 கிராம், முட்டை 5, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, வனிலா 1 தேக்கரண்டி. மாற்றியது அடிக்கும் முறையைத்தான். பட்டரைப் பிரிட்ஜில் இருந்து எடுத்துச் சிறு துண்டுகளாக வெட்டிப் பத்து நிமிடம் மட்டும் வெளியில் வைக்கிறேன். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், பளபளக்கக் கூடாது. பளபளத்தால் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் இருத்தி அடியுங்கள். கடைச் சீனி பருமன் என்பதால் மிக்சியில் ஒரு சுற்று விடுவது நல்லது. கலவை வெளிறிப் பொங்கி வர ஆறேழு நிமிடம் பிடிக்கும். இதில் அவசரம் வேண்டவே வேண்டாம்.

முட்டையை ஒவ்வொன்றாகச் சேருங்கள். திரைந்தால் ஒரு மேசைக்கரண்டி மா போட்டால் சேர்ந்துவிடும். மீதி மாவைக் கரண்டியால் மெதுவாகக் கலந்து, 8 அங்குலச் சதுரத் தட்டில், 170 பாகையில் 45 முதல் 50 நிமிடம். சின்ன அவன் (oven) என்றால் கீழ்த்தட்டில் வையுங்கள்; மேற்பக்கம் முந்திச் சிவந்தால் அலுமினியத் தாளால் மூடலாம்.