விமான நிலையத்துக்கு இடம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பஸ் நிலையத்தைத் தவறான இடத்தில் கட்டிவிட்டால் சில ஆண்டுகளில் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். விமான நிலையத்தில் அது நடக்காது. மூன்று, மூன்றரை கிலோமீட்டர் ஓடுபாதை, அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஏக்கர், அதற்காக ஊரை விட்டுப் போனவர்கள், பல பத்தாண்டுகளுக்கு அடைக்க வேண்டிய கடன் என்று எல்லாமே ஒரே இடத்தில் இறங்கிவிடுகிறது. இறங்கிய பிறகு எடுக்க முடியாது. அப்படியிருந்தும் நாட்டுக்கு நாடு ஒரே தவறுகள் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. எங்கே நிலம் கிடைக்கும் என்பதை முதலில் கேட்டுவிடுகிறார்கள். யார் வந்து ஏறுவார்கள், எப்படி வந்து சேர்வார்கள், அங்கே ஏற்கெனவே யார் வாழ்கிறார்கள் என்பதையெல்லாம் அடிக்கல் நாட்டிய பிறகுதான் கேட்கிறார்கள். கெட்டுப்போன பெரும்பாலான திட்டங்களின் வேர் இந்த வரிசைக் குழப்பம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பயணி இல்லாத இடத்தில் முனையம்

இலங்கையின் தென்கோடியில், அம்பாந்தோட்டை மாவட்டத்தில் உள்ள மத்தல விமான நிலையம் 2013 மார்ச்சில் திறக்கப்பட்டது. செலவு 20.9 கோடி டாலர். அதில் 19 கோடி டாலர் சீன எக்ஸிம் வங்கியின் கடன். ஏ380 போன்ற மாபெரும் விமானமும் இறங்கக்கூடிய 3,500 மீட்டர் ஓடுபாதை, ஆண்டுக்கு 10 லட்சம் பயணிகளைக் கையாளும் முனையம் என்று பெரிய அளவில் கட்டினார்கள்.

நியாயமாகச் சொன்னால், தேவை என்ற ஒன்று இருந்தது. கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்கவில் இருப்பது ஒரே ஓடுபாதை. அது மூடப்பட்டால் கொழும்புக்கு வரும் பெரிய விமானங்கள் சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ திரும்ப வேண்டியிருந்தது. நாட்டுக்குள்ளேயே மாற்று ஓடுபாதை வேண்டும் என்ற வாதத்தில் பிழை இல்லை. ஆனால் அவசரத்துக்கு இறங்க ஓடுபாதையும் தீயணைப்பு வசதியும் எரிபொருளும் போதும். 10 லட்சம் பேருக்கான முனையம் கட்ட வேண்டுமென்றால் அந்த 10 லட்சம் பேர் எங்கிருந்து வருவார்கள் என்பதற்குப் பதில் வேண்டும். நாட்டின் மக்கள்தொகையும் வணிகமும் மேற்குக் கரையில் குவிந்திருக்கின்றன. மத்தல கொழும்பிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அம்பாந்தோட்டை அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் சொந்த மாவட்டம், நிலையத்துக்கும் அவர் பெயரைத்தான் வைத்தார்கள். இடத் தேர்வை விளக்க இதற்கு மேல் வலுவான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆட்சி மாறிய சில நாட்களிலேயே, 2015 ஜனவரியில், ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் மத்தலவிலிருந்து விலகியது. அதன் பிறகு நிலையத்தின் சரக்குக் கிடங்குகளில் நெல் மூட்டைகளைச் சேமித்தார்கள். கடைசியாக மிஞ்சியிருந்த ஃப்ளைதுபாய் 2018 ஜூனில் நிறுத்திக்கொண்டது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். முதலில் இந்த நிலையத்துக்குப் பார்த்த இடம் வீரவில. குளங்களும் பறவைகளும் நிறைந்த பகுதி என்று எதிர்ப்பு வந்ததால் அதைக் கைவிட்டு மத்தலவுக்குப் போனார்கள். மத்தல யானைகள் நடமாடும் நிலம். 2016-ல் ஓடுபாதைப் பக்கம் திரியும் யானை, எருமை, மான், மயில்களை விரட்ட 300-க்கும் மேற்பட்ட படையினரும் போலீஸாரும் பட்டாசுகளோடு இறக்கப்பட்டார்கள். அந்த விலங்குகள் எங்கிருந்தோ வந்து நுழைந்தவை அல்ல, அங்கேயே இருந்தவை.

பழைய நிலையத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்காமல் புதியதைத் திறப்பது

இந்தத் தவற்றுக்குக் கனடாவின் மிராபெலை விஞ்சிய பாடம் இல்லை. மொன்ட்ரியால் நகரத்துக்கு டோர்வால் என்ற விமான நிலையம் இருந்தது, நகர மையத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில். 1960-களில் விமானப் பயணம் பெருகிய வேகத்தைப் பார்த்து அது போதாது என்று கணக்குப் போட்டார்கள். 1985-க்குள் நகரத்துக்கு ஆண்டுக்கு 2 கோடிப் பயணிகள் வருவார்கள், அதில் 1.7 கோடிப் பேர் புதிய நிலையத்தின் வழியாக வருவார்கள் என்பது மதிப்பீடு. மத்திய அரசு ஓரிடத்தைச் சொன்னது, கியூபெக் மாகாண அரசு வேறோர் இடத்தைக் கேட்டது. கடைசியில் மிராபெல் முடிவானது. நகர மையத்திலிருந்து சாலை வழியாக 50 கிலோமீட்டருக்கும் மேல். 97,000 ஏக்கர் கையகப்படுத்தினார்கள். ஏறத்தாழ 3,000 குடும்பங்கள் வெளியேறின. அவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் பயிர் செய்தவர்கள்.

1975 அக்டோபரில் மிராபெல் திறக்கப்பட்டது. வெளிநாட்டு விமானங்கள் மிராபெலுக்கு, உள்நாட்டு விமானங்கள் டோர்வாலுக்கு என்று பிரித்தார்கள். இதன் பொருளை ஒரு பயணியின் இடத்திலிருந்து பார்த்தால்தான் புரியும். பாரிஸிலிருந்து வந்து ஹாலிஃபாக்ஸுக்குப் போக வேண்டியவர் மிராபெலில் இறங்குகிறார். குடிவரவுச் சோதனையை முடித்து, பெட்டிகளை எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து டோர்வாலுக்குப் போய், மறுபடி பெட்டிகளை ஒப்படைத்து, மறுபடி வரிசையில் நின்று, அதன் பிறகுதான் அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டும். பனிக்காலத்தில் அந்தச் சாலைப் பயணம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. டொரன்டோ வழியாகப் போனால் ஒரே நிலையத்துக்குள் நடந்து போய் அடுத்த விமானத்தில் ஏறிக்கொள்ளலாம். பயணிகள் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பார்கள்?

அதே காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வரும் விமானங்கள் இடைநில்லாமல் வெகுதூரம் பறக்கத் தொடங்கிவிட்டன, வணிகமும் டொரன்டோ பக்கம் நகர்ந்தது. இவை மிராபெலைத் திட்டமிட்டவர்களின் கையில் இல்லாதவை. ஆனால் டோர்வாலை மூடுவதா, வைத்திருப்பதா என்ற முடிவு அவர்கள் கையில்தான் இருந்தது. அதைத் தள்ளிப்போட்டார்கள். மிராபெல் ஓராண்டில்கூட 30 லட்சம் பயணிகளைத் தாண்டவில்லை. 1980-களில் எடுத்த நிலத்தின் பெரும்பகுதியை அரசு திருப்பித் தர வேண்டி வந்தது. 1997-ல் வெளிநாட்டு விமானங்கள் டோர்வாலுக்கே திரும்பத் தொடங்கின. 2004 அக்டோபர் 31 அன்று கடைசிப் பயணி விமானம் மிராபெலிலிருந்து கிளம்பியது. 2014-ல் முனையத்தை இடிக்கத் தொடங்கினார்கள். சரக்கு விமானங்களும் விமானத் தயாரிப்புத் தொழிற்சாலையும் மட்டும் அங்கே எஞ்சின. 30 ஆண்டுகளுக்குள் ஒரு முனையம் பயணிகளே இல்லாமல் போனது, வெளியேறிய குடும்பங்களின் வாழ்க்கையோ அந்த நிலத்தோடு திரும்பவில்லை.

ஜப்பானின் ஒசாகாவிலும் இதே கதையின் மென்மையான வடிவம் உண்டு. இட்டாமி விமான நிலையத்தின் இரைச்சல் தாங்காமல் மக்கள் வழக்குத் தொடுத்ததால்தான் கடலில் தீவு எழுப்பி 1994-ல் கான்சாய் நிலையத்தைத் திறந்தார்கள். இட்டாமியையும் மூடவில்லை. 2006-ல் கோபேயில் மூன்றாவது ஒன்றும் வந்தது.

எதிர் உதாரணம் ஹாங்காங். 1998 ஜூலை 6 அன்று செக் லாப் காக் நிலையம் திறந்தபோது, நகர நடுவில் இருந்த காய் டாக் நிலையத்தை அதே இரவில் மூடிவிட்டார்கள். விமான நிலைய ரயிலும் அதே நாளில் ஓடத் தொடங்கியது. நகர மையத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். தொலைவு குறை இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 30 கிலோமீட்டருக்கு அப்பால் கட்டினாலும் போக்குவரத்து முதல் நாளே தயாராக இருந்தால் ஊர் ஏற்றுக்கொள்கிறது.

ரயில் பிறகு வரும் என்று நம்புவது

மிராபெலுக்கும் அதிவேக ரயில் வரைபடத்தில் இருந்தது, கட்டப்படவில்லை. ஸ்பெயினின் சியுதாத் ரியால் நிலையம் மாட்ரிடிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். அதிவேக ரயில் பாதை அருகிலேயே போகிறது, ரயில் நின்றால் தலைநகரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம் என்பதுதான் திட்டத்தின் ஆதாரமே. 2008-ல் நிலையம் திறந்தது, ரயில் நிலையம் திறக்கவே இல்லை. 100 கோடி யூரோவுக்கு மேல் விழுங்கிய இடத்தை 2012-ல் மூடினார்கள்.

பெங்களூரு வேறு விதம். 2008 மே மாதத்தில் தேவனஹள்ளியில் புதிய நிலையத்தைத் திறந்ததும் பழைய எச்ஏஎல் நிலையத்தில் வழக்கமான பயணி விமானங்களை நிறுத்திவிட்டார்கள். அந்தத் துணிவைப் பாராட்டுகிறேன். பயணிகளும் குவிந்தார்கள். ஆனால் திறந்து 15 ஆண்டுகள் கடந்த பிறகும் மெட்ரோ ரயில் அங்கே எட்டவில்லை. ஹோசூர் சாலைப் பக்கம் குடியிருப்பவர் ஒரு மணி நேர விமானத்துக்காக மூன்று மணி நேரம் முன்னதாக வீட்டை விட்டுக் கிளம்புகிறார். சென்னையின் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு எதிரே, ஜிஎஸ்டி சாலைக்கு அப்பால் திரிசூலம் ரயில் நிலையம் இருக்கிறது. 2016-ல் மெட்ரோவும் வாசலுக்கே வந்துவிட்டது. சென்னைவாசிகள் எவ்வளவு பெரிய வசதியில் இருக்கிறார்கள் என்பது பெங்களூருக்காரர்களுக்குத்தான் தெரியும்.

காலி நிலம் என்று எழுதிவிடுவது

டோக்கியோவுக்கு இரண்டாவது நிலையம் தேடிய ஜப்பான் அரசு 1966-ல் நரிட்டா அருகே சன்ரிசுக்காவைத் தேர்ந்தெடுத்தது. அங்கிருந்த விவசாயிகளில் பலர் போருக்குப் பிறகு அரசின் குடியேற்றத் திட்டத்தில் வந்து, காட்டைத் திருத்திக் கழனியாக்கியவர்கள். அவர்களிடம் கலந்து பேசாமலேயே முடிவு வந்தது. போராட்டத்தில் போராட்டக்காரர்களும் போலீஸாரும் உயிரிழந்தார்கள். 1978 மார்ச்சில், திறப்பு விழாவுக்குச் சில நாட்கள் முன்பு, போராட்டக்காரர்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள் புகுந்து கருவிகளை நொறுக்கினார்கள். மே 20-ல்தான் திறக்க முடிந்தது. இரண்டாவது ஓடுபாதை 2002-ல் வந்தது, அதுவும் நிலம் தர மறுத்தவர்களால் திட்டமிட்டதைவிடக் குறைந்த நீளத்தில். 1995-ல் பிரதமர் முராயாமா விவசாயிகளிடம் மன்னிப்புக் கேட்டார். முதல் நாளில் பேசியிருந்தால் முப்பது ஆண்டுகள் கழித்து மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலை வந்திருக்குமா?

காஞ்சிபுரம் அருகே உள்ள பரந்தூரைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நரிட்டாதான் நினைவுக்கு வருகிறது. அங்கே 2022-ல் அறிவிக்கப்பட்ட சென்னையின் இரண்டாவது நிலையத்துக்கு 5,000 ஏக்கருக்கு மேல் வேண்டும். அதில் நஞ்சையும் ஏரிகளும் அடக்கம். கம்பன் கால்வாய் அதன் ஊடே ஓடுகிறது. அந்தத் திட்டப் பகுதியிலுள்ள ஏகனாபுரம் கிராம மக்கள் 1,000 நாட்களைக் கடந்து போராடினார்கள், கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். மீனம்பாக்கம் நிரம்பிவிட்டது, சென்னைக்கு இன்னொரு நிலையம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இழப்பீட்டுத் தொகையைப் பேசுவதற்கு முன்னால், இந்த இடமே வேண்டாம் என்று சொல்பவர்களின் காரணங்களை அரசு உட்கார்ந்து கேட்க வேண்டும். மெட்ரோவைப் பூந்தமல்லியிலிருந்து பரந்தூர் வரை நீட்டிக்கும் திட்டமும், மீனம்பாக்கத்தின் எதிர்காலமும் கையெழுத்தாகும் நாளிலேயே தெளிவாக வேண்டும்.

தண்ணீரையும் காற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

சென்னையின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டப்பட்டது. 2015 டிசம்பர் 1 இரவு ஆறு பெருக்கெடுத்தபோது ஓடுபாதையே வெள்ளக்காடானது. நிறுத்தியிருந்த விமானங்கள் தண்ணீரில் நின்றன. பயணிகள் சேவை தொடங்கப் பல நாட்கள் ஆயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் மூட வேண்டியதாயிற்று. ஏரிகளும் கால்வாயும் உள்ள நிலத்தில் கான்கிரீட் போட்டால் அந்த நீர் எந்த ஊருக்குள் போகும் என்பதைப் பரந்தூரில் இப்போதே கணக்கிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

கான்சாய் தீவு களிமண் கடலடியில் 10 மீட்டருக்கு மேல் அமிழ்ந்திருக்கிறது. 2018 செப்டம்பர் 4 அன்று, திறந்து சரியாக 24 ஆண்டுகள் ஆன நாளில், ஜெபி புயல் ஓடுபாதையை மூழ்கடித்தது. கரைக்குப் போக இருந்த ஒரே பாலத்தில் எண்ணெய்க் கப்பல் மோதியது. ஆயிரக்கணக்கானோர் தீவிலேயே சிக்கிக்கொண்டார்கள். தெற்கு அட்லாண்டிக்கின் செயின்ட் ஹெலினா தீவில் 28.5 கோடி பவுண்டில் கட்டிய நிலையத்தில், 2016-ல் சோதனை விமானம் இறங்கியபோதுதான் ஓடுபாதை முனையில் காற்று சட்டென்று திசை மாறுவது பெரும் சிக்கலாக வெளிப்பட்டது. திட்டமிட்ட போயிங் 737-ஐ விட்டுவிட்டுச் சிறிய விமானத்தைக் கொண்டு 2017 அக்டோபரில் சேவையைத் தொடங்கினார்கள்.

பயணிகளுக்கும் ஒரு சொல். நிலையத்தின் பெயரில் உள்ள நகரத்தை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். பாரிஸ் என்று விற்கப்படும் பொவே நிலையம் அந்த நகரத்திலிருந்து சுமார் 85 கிலோமீட்டர், ஃபிராங்க்ஃபர்ட் பெயர் தாங்கிய ஹான் சுமார் 120 கிலோமீட்டர். மலிவு விமானத்தில் மிச்சப்பட்ட பணத்தைப் பஸ்ஸும் டாக்சியும் வாங்கிக்கொள்ளும். இணைப்பு விமானம் எடுக்கும்போது இறங்கும் நிலையமும் ஏறும் நிலையமும் ஒன்றுதானா என்று பாருங்கள். டோக்கியோவில் நரிட்டாவில் இறங்கி ஹனேடாவில் ஏற வேண்டுமென்றால் நகரத்தையே கடந்து போக வேண்டும், அதற்குக் குறைந்தது நான்கு மணி நேரமாவது இடைவெளி வையுங்கள்.