கத்திக்குப் பிடி போடப் போகிறீர்களா? கட்டை தேர்ந்தெடுப்பது இப்படி

பட்டறையில் அடித்து வாங்கிய கத்தியோ, நீங்களே லாரியின் ஸ்பிரிங் பட்டாவைத் தேய்த்து உருவாக்கியதோ, இரும்பு வேலை முடிந்ததும் பிடிக்கு என்ன போடலாம் என்று தேட ஆரம்பிப்பீர்கள். பார்க்க அழகாக இருக்க வேண்டும், சரி. ஆனால் நம் டெல்டாவில் அந்த அழகு ஐப்பசி கார்த்திகை அடைமழையையும் பங்குனி சித்திரை வெயிலையும் ஒரு சுற்றாவது பார்த்துவிட்டு அப்படியே நிற்க வேண்டும். அதனால் நிறத்தையும் ரேகையையும் பார்ப்பதற்கு முன்னால் கட்டை காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

என் முதல் கத்திக்கு வாய்க்கால் ஓரம் வெட்டிப் போட்டிருந்த பூவரசங்கிளையில் பிடி போட்டேன். தை மாசம் போட்டது. பளபளவென்று அவ்வளவு அழகாக இருந்தது. பங்குனி கடைசியில் தேங்காய் கீறும்போது உள்ளங்கையில் ஏதோ நெருடியது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பிடிக்கு நடுவில் ஓடும் இரும்பு இரண்டு பக்கமும் நகக்கனம் வெளியே நிற்கிறது. மரம் சுருங்கிவிட்டது. ஆணி ஓரத்தில் முடி போல ஒரு விரிசல் வேறு. அதற்குப் பிறகு நான் எந்தக் கட்டையையும் எடை போடாமல் தொடுவதில்லை.

எடை போடுவது சுலபம். 14 செ.மீ. நீளம், 4.5 செ.மீ. அகலம், 1.5 செ.மீ. கனம் என்று தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே துண்டு அறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையிலும் உருக்கிய மெழுகு தடவுங்கள், ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும், அப்படி ஓடும்போதுதான் வெடிப்பு விழும். நிழலில், காற்றோட்டமாக, ஒன்றின் மேல் ஒன்று ஒட்டாமல் அடுக்கி, வாரம் ஒரு தடவை சமையலறைத் தராசில் நிறுத்து எடையைக் கட்டையிலேயே பென்சிலால் எழுதுங்கள். நாலைந்து வாரம் தொடர்ந்து ஒரே எடை நின்றால் கட்டை தயார். இதை மழைக்காலத்தில் செய்து ஏமாறாதீர்கள், காற்றில் ஈரம் இருக்கும்போது எடை நின்றாலும் வெயில் காலத்தில் மறுபடி இறங்கும்.

கும்பகோணம் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடைகிறவர்கள் ஆச்சா மரத்தைப் பழைய வீடுகளின் உத்திரம், தூணில் இருந்து எடுப்பார்கள். பல பத்து வருஷம் காய்ந்து அடங்கிய மரம், இனிமேல் அவ்வளவாக அசையாது. கத்திப் பிடிக்கும் இதே கணக்குத்தான். பழைய வீடு இடிக்கிற இடத்தில் ஒரு உத்திரத் துண்டு கிடைத்தால் விடாதீர்கள். உள்ளே ஆணி புதைந்திருக்கும், காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு அறுங்கள்.

நிறத்துக்கு வருவோம். என்னைக் கேட்டால் நம் மண்ணில் முதல் இடம் பூவரசுக்குத்தான், ஆனால் வைரத்துக்கு, அதாவது முற்றிய நடுக்கட்டைக்கு மட்டும். வெளிப்பக்க வெள்ளைக்கட்டையில் அழகும் இல்லை, வண்டும் துளைக்கும். வயசான மரத்தின் நடுவில் இருக்கும் வைரம் சாக்லேட் நிறத்தில், இடையிடையே ஊதாச் சாயலோடு இருக்கும். காய்ந்த துண்டை இழைத்துவிட்டு ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். சாம்பல் பூத்தது போல மங்கிக் கிடந்தது ஒரு நொடியில் கறுத்து, ரேகை எல்லாம் மேலே எழும்பி வரும். எண்ணெய் போட்டபின் பிடி எப்படி இருக்குமோ கிட்டத்தட்ட அதுதான் அது. மரவாடியில் எந்தக் கட்டையைப் பார்த்தாலும் இதைச் செய்யுங்கள், கையில் ஒரு தண்ணீர் பாட்டில் போதும். குளத்தில் ஊறப்போட்டு எடுத்த கட்டை என்றால் இன்னும் நல்லது, மாவுச்சத்து கரைந்து போவதால் வண்டு நாடாது. ஒரு பெரியவர், தச்சு ஆசாரி, என்னிடம் சொன்னார்: “தம்பி, நேர்க்கட்டையைப் பார்க்காதீங்க, கவட்டையைக் கேட்டு வாங்குங்க.” கிளை பிரியும் கவட்டையில் ரேகை தீ எரிவது போலச் சுழன்று ஓடும். நிலை, கதவு செய்ய உதவாது என்று அதை விறகுக்குத் தள்ளிவிடுவார்கள். அந்த ஒரே துண்டை நடுவில் இரண்டாகப் பிளந்து, ஏட்டை விரிப்பது போல விரித்து இரண்டு பக்கமும் வைத்தால் ரேகை ஒன்றுக்கொன்று ஜோடி சேரும்.

புளியமரத்து வைரமும் அருமையானது, கரும்பழுப்பில் ஊதா கலந்திருக்கும், இரும்பு மாதிரி கனம். ஆனால் பெரிய மரத்தில்கூட வைரம் கொஞ்சம்தான் இருக்கும், அறுப்பதும் சிரமம். சீமைக்கருவேலத்தை ஊரே திட்டுகிறது, பிடிக்கு அது தங்கமான கட்டை: செம்பழுப்பு நிறம், காயும்போது சுருக்கம் ரொம்பக் குறைவு. முழங்கை கனத்துக்கு மேல் இருக்கும் அடிமரமாகத் தேடுங்கள், விறகுக் கடையிலேயே கிடைக்கும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது சாய்ந்த தென்னைகளை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது. முற்றிய தென்னையின் அடிப்பக்கம், அதுவும் பட்டையை ஒட்டிய வெளிவட்டம், நல்ல கெட்டி. குறுக்கே பார்த்தால் பழுப்பில் கரும்புள்ளிகள், நெடுக்கே பார்த்தால் கோடுகள். பனையில் அந்தக் கோடுகள் கன்னங்கரேலென்று இருக்கும். இரண்டிலும் நார் கெட்டி, நாருக்கு நடுவே இருப்பது சோறு போல மென்மை. எனவே தேய்க்கும்போது நடுநடுவே நீர்த்த ஃபெவிக்விக்கை ஊற்றி இறக்கி, காய்ந்தபின் மறுபடி தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் நார் சிலாம்பாக எழுந்து கையில் ஏறும்.

காசு கொடுத்து வாங்குவதில் தேக்கு எளிது, ஆனால் எண்ணெய்ப் பசை உள்ள மரம், ஒட்டுவதற்கு முன் தின்னரால் துடைக்காவிட்டால் பசை விட்டுவிடும். ஈட்டி மரமும் (ரோஸ்வுட்) அப்படித்தான், அதன் தூள் சிலருக்கு அரிப்பும் மூச்சிரைப்பும் கொடுக்கும், முகக்கவசம் கட்டாயம். ஈட்டி இனம் முழுவதும் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, வெளிநாட்டுக்கு அனுப்புகிற கத்திக்குப் போடாதீர்கள். கருங்காலி என்று விற்பதில் சாயம் ஏற்றியது நிறைய. வெள்ளைத்துணியில் தின்னர் தொட்டுத் தேய்த்து, ஒரு மூலையை ஆழமாகச் சீவியும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எருமைக் கொம்பு மெருகேறினால் கண்ணாடி போல் மின்னும், ஆனால் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும். பூஜைக்கோ காட்சிக்கோ வைக்கும் கத்திக்குச் சரி, சமையலறைக்கு வேண்டாம். மான்கொம்பு, தந்தம் பக்கமே போகாதீர்கள், காட்டில் தானாக உதிர்ந்த கொம்பாக இருந்தாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம்.

தினமும் மீன் வெட்டுகிற கத்தி, நாள் முழுக்க ஈரம் என்றால் மரத்தை மறந்துவிட்டுத் துணி அடுக்குக்குப் போங்கள். பழைய கைலி, வேட்டி, கிழிந்த கூறைநாட்டுச் சேலை எது வேண்டுமானாலும் எடுத்து, துண்டு துண்டாக வெட்டி, எபாக்சி ரெசினில் தோய்த்து 30, 40 அடுக்கு வைத்து இரண்டு பலகைக்கு நடுவே கிளாம்ப் போட்டு இறுக்கி ஒரு நாள் விட்டால் கட்டை ரெடி. வளைவாகத் தேய்க்கத் தேய்க்க அடுக்குகள் வயலைச் சுற்றிய வரப்பு மாதிரி வளைந்து தெரியும். அம்மாவின் சேலைக் கரை அந்த வரப்புகளில் ஓடும் ஒரு கத்தியை நண்பருக்குச் செய்து கொடுத்தேன், அவர் வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டே நின்றார்.

ஆணிக்குப் பித்தளைக் கம்பி, இரும்பு காம்பு போலப் பிடிக்குள் செருகியிருக்கும் காம்புக்கத்தி என்றால் பிடியின் வாயைச் சுற்றிச் செப்புப் பூண். கரும்பழுப்புக்குப் பித்தளை பளிச்சென்று எடுத்துக் கொடுக்கும், செம்பழுப்பு மரத்துக்குச் செம்பு ஒத்துப்போகும். கும்பகோணத்துப் பாத்திரக் கடைத் தெருவில் இரண்டும் கிடைக்கும். கடைசியாக 400 எண் உப்புத்தாள் வரை தேய்த்து ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாக மூன்று தடவை, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது காயாது, நாளாக ஆக சிக்கு வாடை வரும். அப்புறம், அந்தக் கடைசி எண்ணெய்க்கு முன்னால் ஒரு கிலோ சின்ன வெங்காயத்தை அந்தக் கத்தியால் நறுக்கிப் பாருங்கள், கையில் எந்த இடம் சிவக்கிறதோ அந்த இடத்தில் பிடியை இன்னும் கொஞ்சம் தேயுங்கள்.