கிம்ப் மென்பொருளில் பிரஷ்டு மெட்டல் பரப்பை உருவாக்குவது எப்படி?

லிஃப்ட்டுக்குள் நிற்கும்போது அதன் எவர்சில்வர் சுவரைக் கூர்ந்து பார்த்தால் இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். சுவர் முழுவதும் மயிரிழை போன்ற மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடுகின்றன என்பது முதலாவது. மேலே எரியும் விளக்கின் பிம்பம் ஒரு புள்ளியாகத் தெரியாமல், அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே இழுபட்டு ஒரு மங்கலான ஒளிப்பட்டையாக விரிகிறது என்பது இரண்டாவது. இப்படி ஒரே திசையில் தேய்த்த உலோகத்தின் தோற்றத்தை, அதாவது பிரஷ்டு மெட்டலை, கணினியில் உருவாக்க முயல்பவர்களில் பலர் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். அதனால்தான் அவர்களுடைய படம் உலோகமாகத் தோன்றாமல், சாம்பல் நிறத் துணியாகவோ சன்மைகா ஒட்டிய பலகையாகவோ தோன்றுகிறது.

இந்த ஒளிப்பட்டை ஏன் உண்டாகிறது என்று தெரிந்துகொண்டால் செய்முறை எளிதாகிவிடும். உலோகத் தகட்டை 150, 180 போன்ற எண்ணுள்ள உப்புத்தாளாலோ பட்டையாலோ ஒரே திசையில் தேய்க்கும்போது அதன் மேற்பரப்பில் எண்ணற்ற நுண்ணிய பள்ளங்கள் இணையாக விழுகின்றன. பள்ளத்தின் நீளவாக்கில் பரப்பு ஏறக்குறைய கண்ணாடி போலவே இருக்கிறது. ஆனால் குறுக்குவாக்கில் பள்ளத்தின் இரு சரிவுகளும் வெவ்வேறு கோணங்களில் சாய்ந்திருப்பதால், ஒளி அந்தத் திசையில் மட்டும் சிதறுகிறது. ஆகவே கோடுகள் இடமிருந்து வலமாகப் படுத்திருந்தால் ஒளிப்பட்டை மேலிருந்து கீழாக நிற்கும். கோடுகள் நின்றால் பட்டை படுக்கும். கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் இந்த ஒரே விதிதான் அடிப்படை.

நான் பயன்படுத்துவது கிம்ப் 2.10. இது படங்களை வரையவும் திருத்தவும் உதவும் இலவச மென்பொருள்; விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். 2025 மார்ச்சில் வெளிவந்த 3.0 பதிப்பிலும் இதே வழியில் செய்யலாம். அதில் ஃபில்டர்கள் (படத்தை மாற்றும் விளைவுகள்) லேயரோடு (ஒன்றன்மேல் ஒன்றாக அமையும் பட அடுக்கோடு) ஒட்டியே நிற்பதால், பிறகு மனம் மாறினாலும் எண்களைத் திருத்திக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி. மெனுப் பெயர்களை ஆங்கில இடைமுகத்தில் இருப்பது போலவே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

படி 1: தாளைத் திறப்பது

ஃபைல் → நியூ சென்று அகலம் 2000, உயரம் 1000 பிக்சல் எனக் கொடுக்கவும். நமக்கு இறுதியில் வேண்டியது 1600 × 1000 அளவுள்ள படம்தான். இரு பக்கமும் 200 பிக்சல் கூடுதலாக வைப்பதற்குக் காரணம் மூன்றாம் படியில் தெரியும்.

அதே சாளரத்தில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் பகுதியை விரித்து, பிரிசிஷன் என்ற இடத்தில் 16 பிட் இன்டிஜர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். வழக்கமான 8 பிட்டில் சாம்பல் நிறத்துக்கு 256 படிகளே உண்டு; மெதுவாக மாறும் ஒளிப்பட்டையில் அந்தப் படிகள் தனித்தனி வரிகளாகத் தெரிந்துவிடும். ஃபில் வித் என்ற இடத்தில் வெள்ளையே இருக்கட்டும். தாள் திறந்ததும் முன்நிறத்தை 808080 என்று அமைத்து, எடிட் → ஃபில் வித் எஃப்.ஜி. கலர் மூலம் தாள் முழுவதையும் நடுச்சாம்பலாக நிரப்பவும்.

படி 2: மணலைத் தூவுவது

ஃபில்டர்ஸ் → நாய்ஸ் → ஆர்.ஜி.பி. நாய்ஸ் என்பதைத் திறக்கவும். அங்கே இன்டிபென்டன்ட் ஆர்.ஜி.பி. என்ற கட்டத்தில் உள்ள டிக் குறியை நீக்கிவிட வேண்டும். நீக்காவிட்டால் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் புள்ளிகள் சிதறும். லீனியர் ஆர்.ஜி.பி. என்பதன் டிக் குறியையும் எடுத்துவிடவும். அளவை 0.4 வரை உயர்த்தி ஓகே கொடுத்தால், சிக்னல் கிடைக்காத பழைய தொலைக்காட்சித் திரையைப் போலத் தாள் முழுவதும் சாம்பல் மணல் நிறையும். எங்காவது நிறப் புள்ளி தென்பட்டால் கலர்ஸ் → டிசாச்சுரேட் → டிசாச்சுரேட் கட்டளை அதைப் போக்கிவிடும்.

இப்போது லேயர் → டூப்ளிகேட் லேயர் கொடுத்து இதற்கு ஒரு நகல் எடுக்கவும். நகலின் பெயரை ‘குட்டைக் கோடு’ என்றும், கீழே இருப்பதன் பெயரை ‘நெட்டைக் கோடு’ என்றும் மாற்றிக்கொண்டால் பின்னால் குழப்பம் வராது. இரண்டிலும் ஒரே மணல் இருந்தால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தடித்துவிடும். அதைத் தவிர்க்க, நகலைத் தேர்ந்தெடுத்து லேயர் → டிரான்ஸ்ஃபார்ம் → ஃபிளிப் வெர்ட்டிகலி கொடுத்து அதைத் தலைகீழாக்கிவிடவும்.

ஏன் இரண்டு? பட்டறையில் இருவகைத் தேய்ப்பு உண்டு. ஃபிரிட்ஜ் கதவிலும் சமையலறை மேடையிலும் காணப்படுவது குட்டைக் கோடுகள் விட்டுவிட்டு விழும் மேட் ஃபினிஷ். லிஃப்ட் சுவரிலும் பெயர்ப் பலகையிலும் காணப்படுவது கோடுகள் இடைவிடாமல் நீண்டு செல்லும் ஹேர்லைன் ஃபினிஷ். ஆனாலும் உண்மையான தகடு எதிலும் எல்லாக் கோடுகளும் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. ஒரே நீளத்தில் இழுத்த கோடுகளைக் கண் உடனே செயற்கை என்று கண்டுகொள்ளும். இரண்டு நீளங்களைக் கலப்பதால் அந்தச் சந்தேகம் எழுவதில்லை.

படி 3: மணலைக் கோடாக இழுப்பது

‘நெட்டைக் கோடு’ லேயரைத் தேர்ந்தெடுத்து, ஃபில்டர்ஸ் → பிளர் → லீனியர் மோஷன் பிளர் செல்லவும். லென்த் 225, ஆங்கிள் 0 எனக் கொடுக்கவும். ‘குட்டைக் கோடு’ லேயருக்கும் இதையே செய்யவும்; ஆனால் லென்த் 40 போதும். மேல் லேயர் கீழ் லேயரை மறைப்பதால், கீழே வேலை செய்யும்போது மேலே உள்ளதன் கண் குறியை அணைத்துவைக்கவும்.

இந்தக் கட்டத்தில் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஏமாற்றம் அடைவார்கள். கோடுகள் விழுந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் தாள்தான் தெரியும். தவறு எதுவும் நடக்கவில்லை. மோஷன் பிளர் என்பது வரிசையாக உள்ள பிக்சல்களின் சராசரியை எடுப்பதுதான். தொடர்பற்ற எண்களைச் சராசரி எடுத்தால் அவற்றின் ஏற்ற இறக்கம், எண்ணிக்கையின் வர்க்கமூல அளவுக்குக் குறையும். 225 பிக்சலைச் சராசரி எடுத்தால் மாறுபாடு பதினைந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். 40 பிக்சலுக்கு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகும். கோடுகள் அங்கேயேதான் இருக்கின்றன, மங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். அடுத்த படியில் அவற்றை மீட்டெடுப்போம். 16 பிட் தேர்ந்தெடுத்ததன் இரண்டாவது பயன் இங்கே தெரியும்: 8 பிட்டில் இப்படிச் சுருங்கிய மாறுபாட்டை மீண்டும் விரித்தால் படம் திட்டுத்திட்டாக உடையும்.

தாளின் இடது, வலது ஓரங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், கோடுகள் அங்கே மட்டும் வேறு மாதிரி, சற்றுத் தடித்து, இழுபட்டுத் தெரியும். ஓரத்துக்கு அப்பால் சராசரி எடுக்கப் பிக்சல் இல்லாததே காரணம். கூடுதல் 200 பிக்சலை இதற்காகத்தான் வைத்தோம். இமேஜ் → கேன்வாஸ் சைஸ் சென்று, சங்கிலிக் குறியைத் திறந்துவிட்டு, அகலத்தை 1600 ஆக்கி, சென்டர் பொத்தானை அழுத்தி, ரீசைஸ் லேயர்ஸ் என்ற இடத்தில் ஆல் லேயர்ஸ் தேர்ந்தெடுத்து வெட்டிவிடவும்.

படி 4: மங்கிய கோடுகளை மீட்பது

கலர்ஸ் → லெவல்ஸ் திறந்தால், வரைபடத்தின் நடுப்பக்கத்தில் ஒல்லியான ஒரு குன்று மட்டும் நிற்கும். அதன் உச்சி சரியாக மையத்தில் இருக்காது; சற்று நகர்ந்திருக்கலாம். இன்புட் வரிசையில் உள்ள கறுப்பு முக்கோணத்தைக் குன்றின் இடது அடிவாரத்துக்கும், வெள்ளை முக்கோணத்தை வலது அடிவாரத்துக்கும் கொண்டுவரவும். உச்சியிலிருந்து இரண்டும் சம தூரத்தில் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் கவனமாக இருக்கவும். அப்படி வைத்தால் சராசரி மீண்டும் நடுச்சாம்பலுக்கே வந்துவிடும். பிறகு இந்த லேயரை வேறொன்றின்மேல் கலக்கும்போது படம் மொத்தமாக வெளிறவோ இருளவோ செய்யாது. ஆட்டோ இன்புட் லெவல்ஸ் பொத்தான் இந்த வேலையை ஒரு சொடுக்கில் செய்வது போலத் தெரிந்தாலும், சமநிலையை அது பார்ப்பதில்லை.

இரு லேயருக்கும் இதைச் செய்து முடித்ததும், மேலே உள்ள ‘குட்டைக் கோடு’ லேயரின் ஒப்பாசிட்டியை (கீழே உள்ளதை மறைக்கும் அளவை) 40 ஆக்கவும். கோடுகள் ஒன்றோடொன்று கலந்து இயல்பாகத் தெரியத் தொடங்கும்.

படி 5: ஒளி

உண்மையில் உலோகம் பிறப்பது இந்தப் படியில்தான். நான் முதன்முதலில் ஒரு கடையின் பெயர்ப் பலகைக்காக இந்த வேலையைச் செய்தபோது, கோடுகளுக்காக ஒரு மாலைப்பொழுது முழுவதையும் செலவிட்டேன். ஒளியை மட்டும், வானம் மேலே இருக்கிறது என்ற எண்ணத்தில், மேலிருந்து கீழாக வெளிச்சம் குறைவதாகப் போட்டு அனுப்பிவிட்டேன். அதைப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி, “இது மரமா?” என்பதுதான்.

லேயர் → நியூ லேயர் மூலம் ஒரு புதிய லேயரை உருவாக்கி, லேயர் பட்டியலில் அதை இழுத்து எல்லாவற்றுக்கும் அடியில் வைத்து, ‘ஒளி’ என்று பெயரிடவும். அதை மட்டும் பார்ப்பதற்காகக் கோடு லேயர்கள் இரண்டின் கண் குறிகளையும் அணைக்கவும். ஜி விசையை அழுத்தி, ஒரு நிறத்திலிருந்து மற்றொன்றுக்குப் படிப்படியாக மாறும் பரப்பை வரையும் கிரேடியன்ட் கருவியை எடுக்கவும். முன்நிறம் 707070, பின்நிறம் 9A9A9A, கிரேடியன்ட்டுக்கு எஃப்.ஜி. டு பி.ஜி., வடிவத்துக்கு லீனியர் எனத் தேர்ந்தெடுக்கவும். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை நேர்க்கோடாக இழுக்கவும். கண்ட்ரோல் விசை கோணத்தை 15 பாகைக்கு ஒருமுறை நிறுத்துவதால் கோடு சாயாது.

எண்டர் விசையை இப்போதே அழுத்த வேண்டாம். இழுத்த கோட்டின்மேல் எங்கே சொடுக்கினாலும் அங்கே ஒரு புதிய நிறப் புள்ளி உண்டாகும். கோட்டின் மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் ஒன்று வைத்து அதன் நிறத்தை DEDEDE ஆக்கவும். அதைத் தாண்டி ஒரு புள்ளியை 7C7C7C ஆகவும், இன்னும் தள்ளி ஒன்றை B8B8B8 ஆகவும் அமைக்கவும். இடைவெளிகள் சமமாக இருக்கக் கூடாது. அறையில் ஒரு ஜன்னலும் ஒரு விளக்கும் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, ஒன்றை அகலமாகவும் மற்றொன்றைக் குறுகலாகவும் வைக்கவும். திருப்தி ஏற்பட்ட பிறகு எண்டர் அழுத்தவும். படுத்திருக்கும் கோடுகளுக்குக் குறுக்காக ஒளிப்பட்டைகள் நின்றவாக்கில் அமைந்திருக்கும்.

அடுத்து, கோடு லேயர்களின் கண் குறிகளைத் திரும்ப இயக்கி, ‘குட்டைக் கோடு’ லேயரின்மேல் வலது சொடுக்கு செய்து மெர்ஜ் டவுன் கொடுக்கவும். இரண்டும் ஒன்றாகிவிடும். அந்த லேயரின் மோடை (கீழே உள்ளதோடு கலக்கும் முறையை) ஓவர்லே ஆக்கி, ஒப்பாசிட்டியை 35-லிருந்து 50-க்குள் வைக்கவும். ஓவர்லே நடுச்சாம்பலை எதுவும் செய்யாமல் விட்டுவிட்டு, அதைவிட வெளிறியதைக் கொண்டு கீழே உள்ளதை வெளுக்கும், இருண்டதைக் கொண்டு இருட்டும். நான்காம் படியில் உச்சியை மையத்துக்குக் கொண்டுவந்ததன் பலன் இதுதான்.

படி 6: நிறம்

‘ஒளி’ லேயரைத் தேர்ந்தெடுத்து கலர்ஸ் → கலரைஸ் திறக்கவும். எவர்சில்வருக்கு ஹியூ (நிறம்) 0.58, சாச்சுரேஷன் (நிறத்தின் செறிவு) 0.06 போதும்; இந்தச் சிறு நீலச் சாயல் தனியாகக் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதை எடுத்துவிட்டால் படம் உயிரற்றுப் போகும். பித்தளைக்கு ஹியூவை 0.12 அளவிலும், செம்புக்கு 0.05 அளவிலும் வைத்து, சாச்சுரேஷனை 0.4 வரை உயர்த்திப் பார்க்கவும். அலுமினியத்துக்கு இந்தப் படியே தேவையில்லை.

வட்டமான தகடு வேண்டுமென்றால்

தட்டைக் கவிழ்த்து அதன் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தால், மையத்திலிருந்து இரு எதிரெதிர்ப் பக்கங்களுக்கு விசிறி போல ஒளி விரிவதைக் காணலாம். கோடுகள் வட்டமாக இருப்பதால், அவற்றுக்குக் குறுக்காக விழும் ஒளி ஆரவாக்கில் விழுகிறது, விதி அதேதான். இதற்கு 1200 × 1200 அளவுள்ள தாளில் மணலைத் தூவி, லீனியருக்குப் பதிலாக சர்குலர் மோஷன் பிளர் கொடுத்து, ஆங்கிளை 20-லிருந்து 30 பாகைக்குள் வைக்கவும். ஒளிக்குக் கிரேடியன்ட் கருவியில் கோனிக்கல் சிமெட்ரிக் வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, மையத்திலிருந்து வெளியே இழுத்து, இரு முனைகளையும் வெளிர் நிறமாகவும் நடுப்புள்ளியை இருண்டதாகவும் அமைத்தால், இரண்டு விசிறிகளும் தாமாகவே எதிரெதிரே வந்து நிற்கும். தாளின் நடுவில் சுழற்சி மிகக் குறைவாக இருப்பதால் அங்கே மணல் மணலாகவே மிஞ்சும். அதன்மேல் ஒரு திருகாணியோ குமிழோ வரைந்து மறைத்துவிடலாம்.

தகட்டில் எழுத்து

பெயர் பொறிக்க விரும்பினால், எழுத்தை 4A4A4A நிறத்தில் எழுதி, அந்த லேயருக்கு நகல் எடுத்து, நகலின் எழுத்து நிறத்தை வெள்ளையாக்கி, அடியில் வைத்து, ஒரு பிக்சல் கீழே நகர்த்தி, ஒப்பாசிட்டியை 60 ஆக்கவும். வெட்டிய பள்ளத்தின் கீழ்விளிம்பு மேலிருந்து வரும் ஒளியைப் பிடிப்பது போலத் தோன்றும். மெல்லிய எழுத்துருவில் இது எடுபடாது. தடித்த எழுத்துருவே நன்றாக வரும்.

அலங்காரத்தை இதற்குமேல் ஏற்ற வேண்டாம் என்பது என் கருத்து. ஆப்பிள் நிறுவனம் 1999-இல் தன் குயிக்டைம் 4 பிளேயருக்கு இந்தத் தோற்றத்தைக் கொடுத்து, பிறகு பல மென்பொருள்களுக்கும் பரப்பி, 2007-இல் வந்த லெப்பர்டு பதிப்பில் அதைக் கைவிட்டது. திரை முழுவதும் தகடு அடித்தால் கண் சலித்துவிடும். ஒரு பொத்தானுக்கோ பெயர்ப் பலகைக்கோ பயன்படுத்தினால் எடுப்பாக இருக்கும்.

சேமிக்கும்போது மூலக் கோப்பை எக்ஸ்.சி.எஃப். வடிவில் வைத்துக்கொண்டு, ஃபைல் → எக்ஸ்போர்ட் ஆஸ் மூலம் பி.என்.ஜி. எடுக்கவும். ஜேபெக்தான் வேண்டுமென்றால் தரத்தை 90-க்குக் குறைக்காதீர்கள். நுண்ணிய கோடுகளைத்தான் ஜேபெக் முதலில் கரைக்கும். அதே காரணத்தால், பெரிதாகச் செய்து பிறகு சுருக்குவதைவிட, எந்த அளவில் பயன்படுத்தப் போகிறீர்களோ அந்த அளவிலேயே தொடக்கத்திலிருந்து செய்வது நல்லது. பாதியாகச் சுருக்கினால் பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் கலந்து மீண்டும் சராசரியாகிவிடும். லெவல்ஸை இன்னொரு முறை திறக்க வேண்டியிருக்கும்.