மொரிஸ் மைனருக்கு முன் டிஸ்க் பிரேக் போட்டது

என்ர மொரிஸ் மைனர் 1000க்கு முன்பக்கம் டிஸ்க் போட்டாச்சு. ஏன் எண்டு கன பேர் கேக்கினம், முந்தி இருந்த ட்ரம் பிரேக்கும் ஒழுங்கா அட்ஜஸ்ட் பண்ணினா நல்லாத்தான் பிடிக்கும், ஆனா மழை வெள்ளத்துக்கால வந்து மிதிச்சா ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகுமே, அது எனக்குச் சரிவரேல்லை.

டிஸ்க், அதை ரெண்டு பக்கத்தாலயும் இறுக்கிப் பிடிக்கிற கலிப்பர், பிராக்கெட் எல்லாம் ஒரே செட்டா வாங்கினபடியா பூட்டுறது பெரிய வேலையில்லை. தலையிடி, பெடலை மிதிக்கேக்க பிரேக் ஓயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர்தான். மைனரில அது பொனட்டுக்குள்ள இல்லை, ட்ரைவற்ற காலுக்குக் கீழ சேசிக்குள்ள கிடக்கு. ட்ரம்முக்காக உள்ளுக்க ஒரு செக் வால்வ் இருக்கு, அது ஓயில் லைனில எப்பவும் கொஞ்சம் பிரஷர் பிடிச்சு வைக்கும். அதை அப்பிடியே விட்டா கலிப்பருக்குள்ள இருக்கிற பிரேக் பாட் டிஸ்க்கில உரசிக்கொண்டே ஓடும், கொஞ்சத் தூரம் ஓடிப்போட்டு சில்லு நடுவில இருக்கிற ஹப்பில கை வையுங்கோ, சுடும். அந்த வால்வைக் கழட்டி எறிஞ்சா மட்டும் காணாது, மாஸ்டர் சிலிண்டர் கலிப்பரை விடப் பதிவில, கீழ கிடக்கிறதால ஓயில் திரும்பி வடிஞ்சு பெடல் இறங்கும். அதால முன் லைனில 2 பிஎஸ்ஐ, பின் ட்ரம் லைனில 10 பிஎஸ்ஐ பிரஷர் பிடிச்சு வைக்கிற மாதிரி வேற வேற வால்வ் போட்டன்.

கலிப்பர் ரிம்மில தட்டுதோ எண்டு வாங்க முதலே அளவுங்கோ.

பெடல் முந்தியை விட இறுக்கம், கூடப் பலமா மிதிக்கோணும். முன் ட்ரம்மில ரெண்டு ஷூவும் (உள்ள இருக்கிற பிரேக் கட்டை) சுத்துற பக்கம் இழுபட்டுத் தானா இறுகும், டிஸ்க்கில அந்த உதவி இல்லை. மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் குடுக்கிற சேர்வோ பூட்டினா லேசாகும், நான் இன்னும் பூட்டேல்லை.